பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பல்வலி

2020ஆம் ஆண்டு தவக்காலத்தின் இடையே ஆலயக் கதவுகள் அடைபட்டதை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவும் இல்லத்துக்குள்ளேயே கழிந்தது. கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோரிடையே தொற்று காணப்பட்டு, மே மாதத்தில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டமும் கலங்கி நின்றது. காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் எங்கே செல்வது என்று யாவரும் கேட்டு வைத்திருந்தனர். பல்வலியைப் பற்றி மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எலவனாசூர்கோட்டையில் நம் வீட்டுக்கு அது ஜூலையில் வந்தது. எழுபதைக் கடந்த நம் அன்னைக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் அருகே வீக்கம் கண்டது. நீரிழிவும் உண்டு. கிராம்புத் தைலம், உப்புநீர், வலி மாத்திரை என மூன்று நாட்கள் ஓடின. "அப்போலோனியம்மாகிட்ட மன்றாடியிருக்கேன். இந்த நேரத்துல என்னை எங்கேயும் கூட்டிப் போகாதீங்க" என்று அன்னை பிடிவாதமாக இருந்தார்.

புனித அப்போலோனியா 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு உயிர்நீத்த வேதசாட்சி. அந்நகர ஆயர் தியோனீசியு தம் மடலொன்றில் இதைக் குறித்துள்ளார். பிப்ரவரி 9 அவரது திருநாள். குறடும் அதில் சிக்கிய பல்லுமாக அவரைப் படங்களில் வரைவர். அப்படத்தைக் கண்டால் பல் மருத்துவரை நாடும் துணிவே போய்விடும் என்பது வேறு செய்தி!

அன்னையின் அச்சம் வீணானதன்று. பல் மருத்துவர் முன் அமர்பவர் முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டும். சுழலும் கருவி தெளிக்கும் நீர் உமிழ்நீரோடு கலந்து நுண்துளிகளாக அறையெங்கும் மிதக்கும். ஆகவேதான் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 19 அன்று பல் மருத்துவர்களுக்கெனத் தனி நெறிமுறை வெளியிட்டது. அதன்படி அப்போது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பல் மருத்துவமனைகள் மூடியிருக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் ஆலோசனை கூற இடமிருந்தது. பிற இடங்களிலும் அவசரச் சிகிச்சைக்கே முதலிடம் தரப்பட்டது.

ஆயினும் பல்லின் சீழும் காத்திருக்காது. வீக்கம் தாடைக்குக் கீழிறங்கிக் கழுத்தைப் பற்றினால் மூச்சே அடைபடும். நீரிழிவு உள்ளவர்க்கு அந்த ஆபத்து மிகுதி. வெளியூரில் வாழும் நம் தங்கையோ, "அம்மாவுக்குத் தொற்று வந்தா யார் பொறுப்பு?" என்று தொலைபேசியில் அழுதாள். இரண்டு ஆபத்துகளில் எதை ஏற்பது என்று இரவு முழுதும் உறக்கமின்றி யோசித்தோம்.

காலையில், நேரே செல்லாமல், பல் மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். காய்ச்சல், இருமல் உண்டா, மணம் தெரிகிறதா, சென்னையிலிருந்து எவரேனும் வந்தனரா என்று முதலில் வினவினார். பிறகு, வாய் திறக்க முடிகிறதா, விழுங்க முடிகிறதா, வீக்கம் எதுவரை என்றார். "விழுங்க முடியலைன்னா, மூச்சு திணறினா இங்கே வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்போதைக்கு பதினொரு மணிக்கு வாங்க, துணைக்கு ஒருத்தர் போதும்" என்றார்.

பேருந்துகள் ஓடாத மாதம் அது. ஆட்டோ ஒன்றை அமர்த்திச் சென்று, அழைக்கும்வரை அதிலேயே காத்திருந்தோம். உள்ளே குளிர்சாதனம் இயங்கவில்லை, சன்னல்கள் திறந்திருந்தன. மருந்து கலந்த நீரால் அன்னையை வாய் கொப்பளிக்கச் செய்து, சர்க்கரை அளவும் பார்த்தனர். தலை முதல் கால் வரை மூடிய உடைக்குள் டாக்டர் வியர்த்து நனைந்திருந்தார். சுழலும் கருவியைத் தொடாமல், மரத்துப்போகும் ஊசி போட்டுக் குறட்டாலேயே பல்லை எடுத்தார். பாதுகாப்பு உடைக்கென்று சிறிது தொகை கூடுதலாகக் கேட்டனர். அவர் நின்ற கோலத்தைக் கண்ட பின் அதற்கு முகஞ்சுளிக்க நமக்கு மனம் வரவில்லை.

அடுத்த பதினான்கு நாட்களும் அன்னையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். காய்ச்சல் வரவில்லை. அப்போலோனியம்மாளே தம்மை அங்கே அனுப்பியதாக அன்னை இன்றளவும் அனைவரிடமும் சொல்லிவருகிறார். டாக்டரிடமே அதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த முறை வீக்கம் வந்தால் மூன்று நாள் பொறுக்காமல் அன்றே அழைக்கும்படி அந்தப் புனிதையிடம் சொல்லிவைக்கச் சொன்னார்.