பழைய ஜென் விக்கிரயம்

ஆடி 22

வண்டியைக் கொடுத்துவிடுவதென்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானமான பிறகு, யாரிடம் அந்தப் பேச்சை எடுத்தாலும், "ஆடி போகட்டுங்க" என்னும் பதிலே முந்திக்கொண்டு வருகிறது. காந்திபுரத்தில் கார் கன்சல்டிங் வைத்திருக்கும் ஒருவர் மட்டும், ஆடியில் வாங்குகிறவர்கள் வரமாட்டார்கள் என்ற அந்த வாஸ்தவத்தையே ஆயுதமாக வைத்துக்கொண்டு, தாமே உடனே எடுத்துக்கொள்வதானால் 30,000 ரூபாய் தரலாம் என்று பெரிய உபகாரம் செய்கிற தோரணையில் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மாருதி ஜென் 1993-இல் வந்தபோது கோயமுத்தூர் இளைஞர்கள் அதன்மேல் கொண்ட மோகம் சாமான்யமானதல்ல. 993 சி.சி. கொள்ளளவே உள்ள சிறிய எஞ்சின்தான் என்றாலும், அலுமினியத்தில் வார்த்த எஞ்சினும் கனமில்லாத உடம்பும் சேர்ந்து அதற்கு ஒரு துடிப்பைக் கொடுத்திருந்தன. சுஸுகி ஆல்ட்டோ என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வண்டியும் அதுவே. உற்பத்தி 2006-இல் நின்றது. எங்களுடையது 2003 செப்டம்பரில் பதிவானது. என்னைக் கல்லூரிக்கும் மார்க்கெட்டுக்கும் சாதுவாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அதை, பொறியியல் படித்த காலத்தில் என் மகன் தன் வசப்படுத்திக்கொண்டு, 14 அங்குல அலாய் வீல், வண்டியைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங், அடைப்பில்லாத சைலன்சர், கையடக்கமான ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உள்ள ஊரில், காலையில் தோன்றும் விபரீத ஆசைக்கு மாலைக்குள் உருவம் கொடுத்துவிட ஆள் கிடைத்துவிடும். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர். இந்தச் சூழ்நிலையில் பையன்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஆடி 25

மீட்டர் 2,14,000 கிலோமீட்டரைத் தாண்டி நிற்கிறது. இன்று விசாரிக்க வந்த தரகர் அதைக் கண்டவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு இருபதுக்குக் கொண்டாந்திடலாமுங்க, ஒரு மணி நேர வேலை" என்றார். நான் மறுத்ததை அவர் யோக்கியதையாக எடுத்துக்கொள்ளவில்லை. விவரம் போதாமையாகவே எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன நியாயத்தையும் எழுதிவைக்க வேண்டும்: எல்லோரும் திருப்பிவைக்கிற சந்தையில் திருப்பாத மீட்டரை யார் நம்புவார்கள்? "ரெண்டு பதினாலுன்னு பாத்தா, நெசமா மூணு லட்சம் ஓடியிருக்கும்னுதானுங்க கணக்குப் போடுவாங்க." பொய் சொல்கிறவனுக்குச் சந்தை எவ்வளவு தள்ளுபடி செய்கிறதோ, அதே தள்ளுபடியை மெய் சொல்கிறவன் தலையிலும் கட்டுகிறது என்பது அர்த்தசாஸ்திரம் படிக்காத அந்த மனிதர் எனக்குக் கற்பித்த அர்த்தசாஸ்திரம்.

அவர் போன பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. மீட்டர் எண்ணுவது சாலையை அல்ல, சக்கரத்தின் சுற்றுகளை. கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயரை மாட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி சற்று அதிகமாகவே போகும். மீட்டரோ பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே யாரும் தொடாமலேயே என் மீட்டரும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுகிறது! இதைத் தரகரிடம் சொல்லவில்லை.

ஆடி 30

மகன் பெங்களூரிலிருந்து பேசினான். வண்டியை இருக்கிறபடியே விற்க வேண்டும் என்பது அவன் கட்சி. அலாய்க்கு இவ்வளவு, ஸ்பிரிங்குக்கு இவ்வளவு என்று அவன் செலவழித்த தொகைகளையெல்லாம் வண்டியின் விலையோடு கூட்டிக் கொண்டே போனான். வாங்குகிறவர்களோ அதே ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கழிக்கிறார்கள். "வண்டிய அடிச்சு ஓட்டியிருப்பாங்க" என்பதுதான் அலாய் வீலைப் பார்த்த மாத்திரத்தில் குடும்பஸ்தர்கள் செய்கிற அனுமானம். ஒருவன் தன் ருசிக்காகச் செய்த செலவுக்கு, அதே ருசி உடைய இன்னொருவன் வந்தாலொழிய விலை கிடையாது. அப்படி வருகிறவனுக்குப் பெரும்பாலும் இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், பையில் பணம் இராது.

சட்டமும் குடும்பஸ்தர்கள் பக்கமே. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் முதலில் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதிசெய்துவிட்டது. எங்கள் வண்டிக்கோ பதினைந்து வருஷம் முடிந்து, 2018-இல் புதுப்பித்த ஐந்து வருஷமும் இந்தச் செப்டம்பரோடு தீர்கிறது. அந்த முறை மகன் பழைய பாகங்களை மாட்டி இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, வீடு திரும்பியதும் மறுபடி கழற்றிப் பரணில் போட்டான். என் மனைவி நாளது வரைக்கும் அவற்றைத் தூக்கி எறியச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுப்பிக்கும் கட்டணம் அப்போது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று.

ஆவணி 3

மாதம் பிறந்ததும் ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் எஞ்சினைத் திறந்து பார்க்குமுன் நம்பர் பிளேட்டைப் பார்த்து, விரல்விட்டுக் கூட்டி, "எட்டு வருதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபது வருஷம் எங்களுக்கு ஒரு கீறலும் வராமல் காத்த எட்டு! இன்னொருவர் எஸ்டீம் எஞ்சின் மாற்றியிருக்கிறதா என்று ஆவலோடு கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு உற்சாகம் குன்றிவிட்டது.

மத்தியானம் பாலக்காட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். வந்தவன் விலை கேட்கவில்லை. சட்டையைக்கூடப் பாராமல் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய், ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தான். பிறகு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சருக்குப் பின்னால் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரியில் ரசிகர் தலையாட்டுவதுபோல ஆட்டினான். ஆழியாறிலிருந்து வால்பாறை வரையுள்ள நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த வண்டி எப்படித் திரும்பும் என்று நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. "வண்டி வேண்டாம் சார். நாட்டுக்குக் கொண்டுபோனா பிடிப்பாங்க. வீலும் ஸ்பிரிங்கும் சைலன்சரும் மட்டும் தர்றீங்களா? எங்கிட்ட ஒரு ஜென் இருக்கு." பிடிப்பார்கள் என்று தெரிந்தும் தன் வண்டிக்கு மாட்டிக்கொள்ளத் துணிகிறானே என்று தோன்றிற்று. அதைக் கேட்கவில்லை. 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

ஆவணி 7

நாள் முழுவதும் மெக்கானிக் ஷெட்டில் கழிந்தது. பரணிலிருந்த இரும்பு ரிம்களில் துருவைத் தேய்த்து வெள்ளி வர்ணம் அடித்து வைத்திருந்தார்கள். சைலன்சர் கிளாம்பின் ஒரு போல்ட்டு எவ்வளவு எண்ணெய் விட்டும் அசையவில்லை; கடைசியில் காஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி, அது செக்கச்செவேலென்று ஆனதும் ஸ்பானரைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்க, படாரென்று விட்டது. நீளமான பழைய ஸ்பிரிங் ஏறியதும் வண்டி நாலு விரற்கடை உயர்ந்து, மறுபடியும் வாத்தியார் வீட்டு வண்டியாகிவிட்டது. "இப்பத்தானுங்கய்யா இது விக்கிற வண்டி" என்றார் மெக்கானிக். கையடக்கமான ஸ்டியரிங்கை மகன் யாருக்கும் தரக் கூடாது என்றதால் அது வீட்டிலேயே இருக்கிறது.

ஆவணி 15

போக்குவரத்து அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் சேசிஸ் எண்ணைச் சரிபார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். புதுப்பித்தல் அவ்வளவில் முடிந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. அன்னூர்ப் பக்கம் தோட்டம் உள்ள ஒரு பெரியவர், எட்டுதான் தமக்கு ராசி என்று சொல்லிக்கொண்டு, 52,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். பத்தரைக்கு ராகுகாலம் பிடித்துவிட்டபடியால், பணத்தை எண்ணி முடித்த பிறகும் சாவியை வாங்காமல், காப்பி குடித்துக்கொண்டு, பன்னிரண்டு வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார். சக்கரங்களுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழங்களை வீட்டிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த இடைவேளையில் அவருடைய பேரன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தாத்தாவுக்குக் கேட்காத குரலில், "ஏனுங்க சார், இதுக்கு அலாய் போட்டா எடுப்பா இருக்குமுங்களா?" என்று கேட்டான். தாத்தாவைக் கேட்டுக்கொண்டு செய்யச் சொன்னேன்.

29, 30 ஆம் எண் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டோம். வண்டி கைமாறிய தேதியை மட்டுமல்லாமல் மணியையும் ரசீதில் எழுதச் சொன்னேன். பெயர் மாறாதவரை விபத்து நஷ்ட ஈடு பதிவில் உள்ள உடைமையாளனையே சாரும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. "நான் பாத்து மாத்திக்கிறேனுங்க" என்ற வார்த்தையை நம்பி, வருஷக்கணக்கில் அடுத்தவன் ஓட்டுகிற வண்டிக்கு அபராதச் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கும் சிநேகிதர்கள் எனக்கு உண்டு. ஆகவே பெரியவர் கொஞ்சம் முகம் சுளித்தாலும், திங்கட்கிழமை அவரோடு நானும் அலுவலகத்துக்குப் போவதென்று நிச்சயம் செய்துகொண்டேன்.

புரட்டாசி 5

பெயர் மாறிவிட்டதாகச் செல்பேசியில் தகவல் வந்தது. மகனுக்குத் தெரிவித்தேன். பாலக்காட்டுப் பையன் ஸ்பிரிங்கை மாட்டிவிட்டானா என்று மட்டும் கேட்டான்.