அப்பத்தாவின் கண்ணாடி

எங்க அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதும் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். ஒருநாள் அதை நான் மிதித்து உடைத்துவிட்டேன். புதுசு வரும்வரை சுவரைத் தடவித் தடவி நடந்துச்சு. “விடுடா, வேணும்னா செஞ்ச?” என்றது.

கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டில் இருந்தது. விலைதான் நூறு டாலரை ஒட்டி! 1992-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை கைகொடுக்க, ஆரோலேப் தொடங்கி அதை இங்கேயே தயாரித்தது. விலை பத்து டாலருக்கு இறங்கியது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் போகிறது. இரவல் வாங்கிய நெருப்பில் ஊருக்கெல்லாம் விளக்கேற்றிய கதை.

அம்மாவுக்கு வைத்தது அந்த லென்ஸ்தான். கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, “என்னடா, இவ்வளவு நரைச்சுட்டே?” என்றாள்.

எனக்கு அப்பத்தா தடவிய சுவர் ஞாபகம் வந்தது.