வாகை மரமும் உளியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலையில் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் பிறக்கின்றன. அம்மலையை அடுத்துள்ள கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் உளியோசை கேட்கிறது. வாகை, தேக்கு முதலிய மரங்களில் தெய்வத் திருவுருவங்களைக் கைவினைஞர்கள் செதுக்குகின்றனர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு கலையின் பெயரைக் காக்கும். அதற்கு உயிரான மரத்தைக் காக்குமா?

வெட்டப்பட்ட பின்னும் மரம் காற்றோடு கொண்ட உறவை விடுவதில்லை. ஈரம் ஏறினால் பருக்கும், வறண்டால் சுருங்கும். நன்கு உலராத மரத்தில் செதுக்கிய திருமுகம் பின்னர் விரிசல் காணும். ஆதலால், மழையும் வெயிலும் தத்தம் காலத்தில் வருவதும் சிற்பியின் முதலீடே ஆகும். இன்றோ பருவம் தடுமாறுகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கொட்டிய மழையால் தென்பெண்ணை கரைபுரண்டது. திருக்கோவிலூர்ப் பகுதி வெள்ளத்தைக் கண்டது. இத்தகைய மழையில் கூரை ஒழுகினால், அடுக்கிய பலகையில் பூஞ்சை படரும். ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு சில நாள்களில் வீணாகும்.

தனியொரு சிற்பியால் இதனைத் தாங்க இயலாது. பூம்புகார் நிறுவனம், கைவினைஞர் கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற கலை அமைப்புகள் விற்பனையோடு நின்றுவிடலாகாது. வெள்ளம் எட்டாத மேட்டில் பொதுக் கிடங்கும், மரம் உலர்த்தும் கூடமும் அமைத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த வரைபடங்கள் நனைந்து அழியுமுன் அவற்றைக் கணினியில் பதிந்து வைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் அரிய பணி மரம் வளர்த்தலே. இன்றைய உளி தொடும் முதிர்ந்த மரம், பெரும்பாலும் முந்தைய தலைமுறையின் காலத்தில் வேரூன்றியது. மாநிலப் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. சிற்பிகள் வேண்டும் மரங்களும் அதில் இடம்பெறுதல் நன்று. கல்வராயன் மலைவாழ் மக்களைக் கலந்து, விளைபயனில் அவர்களுக்கும் பங்களித்தால் அக்கன்றுகள் காப்பாற்றப்படும்.

பண்டைத் தமிழர் வெற்றியின் அடையாளமாக வாகைப் பூவைச் சூடினர். இன்று நடப்படும் வாகைக் கன்றை முதிர்ந்த மரமாய்க் காண்பவர், இனி உளி பிடிக்கவிருக்கும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருக்கலாம்.