பெயரை மாற்றினால் போதுமா?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்து வீட்டுக் காமாட்சியை மீனாட்சி ஆக்கிவிட்டால் போதும்; மனச்சாட்சி நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்.

சமூக ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதை நம்பியவர்கள்தாம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூர். கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக ஆர்தர் விடிச் என்பவர் அங்கே குடியிருந்து, ஊராரோடு ஒட்டிப் பழகினார். தனி மனிதர் எவரையும் அடையாளம் காட்டுவதில்லை என்று ஊராருக்கு வாக்கும் தரப்பட்டிருந்தது. 1958-ல் அவரும் ஜோசப் பென்ஸ்மனும் எழுதிய புத்தகம் வந்தது. ஊருக்கு 'ஸ்பிரிங்டேல்' என்று புனைபெயர், ஆட்களுக்கும் அப்படியே. ஆனால் சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது? ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில், ஜனங்கள் முகமூடி போட்டு, புத்தகத்திலிருந்த பெயர்களையே சூட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக ஓர் எருவண்டி. அதில் ஆசிரியரின் கொடும்பாவி!

படித்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி, வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொல்லி அழுதாள். நான் அதைக் கதையாக்கினேன்.

"பேரை மாத்தினே, சரி தம்பி. வாசல் மாதுளையை அப்படியே வெச்சுட்டியே! கடைக்காரன்கூடக் கேக்கறான்" என்றாள்.

அன்று அவளிடம் எத்தனையோ கேட்டேன். 'எழுதலாமா?' என்று மட்டும் கேட்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்று முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதன் பிறகு பாட்டி என்னிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசினாள்.

இதை எழுதுமுன் போய்க் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"மரத்தை மாத்திடு" என்றாள்.

மாற்றியிருக்கிறேன்.