யாருக்கு எந்தப் பாடம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா மகளோடு பள்ளிக்கு ஓடினார். "மார்க் பத்தாதும்மா, தொழிற்பிரிவுல சேத்துக்கலாம்" என்றார்களாம். அவளுக்கு ஆசை கணக்கு மேல்.

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நினைவுக்கு வந்தது. நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அதுவும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது.

கைத்தொழில் கற்பதில் இழுக்கேதும் இல்லை. தையலும் வயரிங்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள், முதல் குரூப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மார்க் குறைந்தவர்கள் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

குரூப் ஒதுக்கும் ஆசிரியர்களே, பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.