150 காட்டும், 180 எரியும்

சூட்டைக் கண்ணாலும் கையாலும் அறிகிற தொழில்கள் கோவில்பட்டி வட்டாரத்தில் நிறைய. கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லிவிடுவார். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்க்கு அதுதான் தெர்மாமீட்டர். விளாத்திகுளம், புதூர் பக்கம் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போடுகிறவர்கள் புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்வார்கள். வெள்ளைப் புகை என்றால் விறகிலிருந்து ஈரம் போகிறது. புகை மெலிந்து நீலம் ஓடினால் காற்றை அடைக்கிற நேரம். இவர்கள் யாருக்கும் சென்சார் பழுதாவதில்லை.

பழுதானது புதூரில் ஒரு வீட்டு அவனுக்கு. அந்த வீட்டுப் பெண் பிறந்தநாள் கேக்கும் தூத்துக்குடி மக்ரூனும் செய்து விற்கிறார். பேக்கரி ஒன்று மூடியபோது விலைக்கு வந்த சிங்கிள் டெக் கரண்டு அவன், இரண்டு தட்டுக் கொள்ளும். முன்பக்கம் டிஜிட்டல் கன்ட்ரோலர். கேக் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் க்ரீம் பூசி மறைத்துவிடலாம். மக்ரூனில் அது நடக்காது. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி, அவ்வளவுதான் சரக்கு. மெல்லிய சூட்டில் நின்று காய வேண்டும், வேகக் கூடாது. சூடு ஏறினால் நிறம் செத்து, பழுப்பாகி, வெடித்துப் போகும். அப்படிப் போன தட்டுகள்தான் கோவில்பட்டி மெக்கானிக்குக்குப் போன் போட வைத்தன. அவரோடு நானும் பைக்கில் தொற்றிக்கொண்டேன்.

மோட்டார் காயில் கட்டுவதில் தொழிலைத் தொடங்கியவர் அவர். இப்போது மிக்ஸி, கிரைண்டர், பேக்கரி அடுப்பு எல்லாம் பார்க்கிறார். எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம் என்று போகிற வழியெல்லாம் வெள்ளாமை எடுத்த கரிசல் வெடித்துக் கிடந்தது. களங்களில் வத்தல் காய்ந்தது. பங்குனி வெயில். ஹெல்மெட்டுக்குள் பேச்சு எடுபடவில்லை.

வீட்டுக்குள் போனதும் அவர் பையைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம் தாயி, முதல் தட்டே கருகுதா, இல்ல ரெண்டு மூணு தட்டு போட்டப்புறமா?"

அந்தப் பெண் யோசித்தார். "முதல் தட்டு நல்லாத்தான் அண்ணாச்சி வருது. அதுக்கப்புறம்தான் கெடுது. நானும் மாவுலதான் கோளாறோன்னு நெனச்சேன்."

"சரி, அப்ப சென்சார் போகல" என்றார். அவனை இன்னும் பார்க்கக்கூட இல்லை. மருந்துக்கடை மூலையில் உட்காரும் பழைய வைத்தியர்கள் நாடி பிடிக்குமுன்பே பேச்சில் பாதி நோயைக் கண்டுபிடிப்பார்களே, அந்தத் தோரணை. சும்மா பந்தா என்றுதான் எனக்குப் பட்டது. பிற்பாடு அவர் விளக்கியபோது அந்த ஒரு கேள்வியில் முக்கால் வேலை முடிந்திருந்தது தெரிந்தது.

இந்த மாதிரி அவன்களில் இருப்பது தெர்மோகப்பிள். கடைத்தெருவில் 'கப்பிள்' என்று கேட்டாலே கொடுப்பார்கள். இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்தால், சேர்ந்த முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் சீபெக் என்ற ஜெர்மானியர் கண்டது. பேக்கரி அடுப்புகளில் பெரும்பாலும் கே டைப்: ஒரு கம்பி குரோமெல், மற்றது அலுமெல். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். இதில் கவனிக்க வேண்டியது, அது அளப்பது வித்தியாசத்தை மட்டும்தான். மறுமுனை என்ன சூட்டில் இருக்கிறது என்பதைக் கன்ட்ரோலர் தன் பின்பக்கத்தில் தானே பார்த்துக் கூட்டிக்கொள்கிறது. அதனால் கப்பிளின் அதே உலோகமோ அதற்கென்றே உள்ள காம்பன்சேட்டிங் கேபிளோ கன்ட்ரோலர் வரைக்கும் ஓடியாக வேண்டும். நடுவில் யாராவது சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப் போட்டுவிட்டால், ஒட்டுப் போட்ட இடமே மறுமுனை ஆகிவிடும். கன்ட்ரோலருக்கு அது தெரியாது.

அவன் ஆறியிருக்கும்போது ஒட்டும் கன்ட்ரோலரும் ஒரே சூட்டில் இருக்கும், கணக்குச் சரியாக வரும். பின் தகடு காயக் காய ஒட்டு சூடேறும். ஒட்டு 72 டிகிரியும் கன்ட்ரோலர் 40-மாக இருந்தால் 32 டிகிரி காணாமல் போகும். டிஸ்ப்ளே 150 காட்டும், உள்ளே 182 எரியும். முதல் தட்டு தப்பித்து மூன்றாவது தட்டு மாட்டுவது இதனால்தான். கப்பிளே கெட்டிருந்தால் முதல் தட்டிலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

சொன்னதை நம்பிவிடாமல் சோதித்தும் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கி, பின் தகட்டைக் கழற்றி, கப்பிளை உருவி வெளியே எடுத்தார். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தார்: சில ஓம்தான், கம்பி அறவில்லை என்று அர்த்தம், அதற்கு மேல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பிறகு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, கப்பிள் நுனியைக் கொதியில் பிடித்து, மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றினார். 2.6. அவருடைய நோட்டில் ஒட்டியிருந்த அட்டவணையில் 100 டிகிரிக்கு 4.1 என்று இருக்கிறது. நான் காட்டினேன்.

"அது மறுமுனை ஐஸ்ல இருந்தா வர்ற கணக்கு. இங்க ஐஸா இருக்கு? வீட்டுக்குள்ளயே 38 டிகிரி. அதுக்கு ஒன்றரைய கழிங்க."

கழித்தால் சரியாக வருகிறது. கரிசல் வெயிலைக் கழிக்கத் தெரியாமல் நல்ல சென்சாரைக் கெட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு என்றார். வீட்டுச் சமையலறையில் பதிக்கும் புது அவன்கள் பலவற்றில் இருப்பது பிளாட்டினம் சென்சார், பிடி1000. அதன் மின்தடை சூட்டோடு ஏறும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, அறைச் சூட்டில் 1080 ஓம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அது 20 டிகிரி ஊர்க் கணக்கு. புதூரில் பங்குனி மத்தியானம் 1147 காட்டினால்தான் அது நல்ல சென்சார். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் இருப்பது இதற்கு நேர்மாறு, சூடேற ஏற மின்தடை இறங்கும். அதைச் சோதிக்கிறேன் என்று வீட்டில் யாரும் மூடியைத் திறக்க வேண்டாம் என்பது அவர் கண்டிப்பு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிக்கும்.

கோவில்பட்டியில் அவர் கடைக்கு அதிகம் வருவது மேசை மேல் வைக்கிற ஓடிஜி. அவற்றில் பலவற்றுக்கு டிஸ்ப்ளே கிடையாது. திருகும் குமிழ், அதன் பின்னால் மெல்லிய குழாய், குழாயின் நுனியில் எண்ணெய் அடைத்த குப்பி. எண்ணெய் விரிந்து சுவிட்சைத் தள்ளினால் காயில் அணையும். குழாய் மடிந்து எண்ணெய் கசிந்துவிட்டால் தள்ள ஆளில்லை. காயில் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒட்டுப் போட முடியாது, தெர்மோஸ்டாட்டை மாற்றத்தான் வேண்டும். வீட்டில் மீட்டர் இல்லாதவர்களுக்கு அவர் சொல்கிற வழி சீனி. 180-இல் வைத்து ஒரு தகட்டில் கொஞ்சம் சீனியைப் போட்டால் உருகக் கூடாது; 190-இல் உருக வேண்டும். சீனி உருகுவது 186 டிகிரி வாக்கில். பாகு பார்க்கிறவர்களின் ஊரில் இது எடுபடும் யோசனைதான்.

புதூர் அவனின் பின் தகட்டுக்குள், காயில் முனைகளுக்குப் பக்கத்திலேயே, கறுத்துச் சுருங்கிய இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தது. அதற்கப்பால் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற செம்பு. டேப்பைப் பிரித்துவிட்டு, "பாருங்க" என்று மட்டும் சொன்னார். முன்பு வந்து பார்த்த யாரோ செய்தது. கேபிள் கையில் இல்லாமல் அவசரத்துக்குச் செய்திருக்கலாம், அவர் திட்டவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

புதுக் கேபிளை அளந்து வெட்டினார். அதில் ஒரு வயர் சிவப்பு, ஒன்று மஞ்சள். நம் கை பழக்கத்தில் சிவப்பை பிளஸ்ஸில் கொண்டு போய் வைக்கும். இந்த அமெரிக்க முறைக் கேபிளில் சிவப்புதான் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற டிஸ்ப்ளே இறங்கும், காயில் அணையவே அணையாது. கப்பிள் பக்கத்தில் நிறமும் அழிந்திருந்தது. பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். இரண்டு முனைகளையும் அதன் பக்கத்தில் காட்டினார். ஒன்று மெல்ல வளைந்து ஒட்டியது, மற்றது அசையவில்லை. ஒட்டியது அலுமெல், மைனஸ். குரோமெலைக் காந்தம் இழுக்காது. புத்தகத்தில் படித்தீர்களா என்று கேட்டதற்கு, சாத்தூரில் ஒரு பெரியவர் காட்டிக் கொடுத்தது என்றார்.

இணைப்பைச் செராமிக் கனெக்டரில் முறுக்கி, கேபிளைக் காயிலிலிருந்து விலக்கிக் கட்டி, வெறும் அவனை 150-க்கு ஓட விட்டார். உள்ளே தொங்கவிட்ட டயல் தெர்மாமீட்டரும் டிஸ்ப்ளேயும் பின் தகடு நன்றாகக் காய்ந்த பிறகும் சேர்ந்தே நின்றன. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. காயில் அணைந்து அணைந்து எரியும்போது அவ்வளவு ஆடத்தான் செய்யும்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் சர்வீஸ் சென்டர் எங்கே என்பதைவிட, இந்த அவனில் எந்தச் சென்சார், எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்பதை மூடியின் உட்புறம் ஒட்டச் சொல்லிக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தினால் இவரைப் போன்றவர்களுக்கு ஒரு நோட்டு மிச்சம்.

கிளம்பும்போது அந்தப் பெண் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டு வந்தார். முன்பு வந்தவர் "போயிருச்சு" என்று கழற்றி மாற்றிய பழைய கப்பிள்கள், இரண்டு. தண்ணீர் இன்னும் அடுப்பில்தான் இருந்தது. மறுபடி கொதிக்க வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தார். இரண்டுமே 2.6.

"ரெண்டுக்கும் காசு குடுத்தேன் அண்ணாச்சி."

"ஒண்ண நீ வச்சுக்க தாயி, அவசரத்துக்கு ஆகும். இன்னொண்ண எனக்குத் தா, கூலியில கழிச்சுக்கிடுதேன்."

மாமியார் உள்ளேயிருந்து, கழிக்கிற தொகை என்ன என்று கேட்டார். அதற்குப் பேரம் நடந்தது. அவன் பழுது பார்த்த நேரத்தைவிடப் பேரம்தான் நீண்டது.