ஆணி நிற்காத சுவர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று அம்மா கேட்டால், "பழைய வீடுகளுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறேன்" என்பேன். பொய்யில்லை. ஜெர்மனியில் போருக்குப் பின் அவசரமாக எழுப்பிய குடியிருப்புகள் குளிர்காலத்தில் எரிவாயுவைக் குடித்துத் தீர்க்கின்றன. ஜன்னலையும் வெப்பக்காப்பையும் தொழிற்சாலையிலேயே பொருத்திய மரச்சட்டகப் பலகங்களைக் கிரேனில் தூக்கி, பழைய சுவர்மேல் மாட்டிவிடுவார்கள். உள்ளே குடியிருப்பவர்கள் பெட்டி கட்ட வேண்டியதில்லை. நெதர்லாந்தில் பிறந்த முறை இது. 2013-இல் அங்கே முதல் தவணையாக 11,000 வீடுகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஜெர்மனியின் முதல் முயற்சி ஹாமலனில், 1930களில் கட்டிய ஒரு குடியிருப்பில் நடந்தது. எலி பிடிப்பவன் கதையில் வருகிற அதே ஊர்தான்.

எல்லா உடம்புக்கும் இந்தச் சட்டை ஏறாது. தீப்பெட்டி போல நேரான முகப்பு, மூன்று நான்கு மாடி, ஒரே அச்சில் வார்த்த வரிசை என்றால் நல்லது. தளத்தோடு சேர்த்து வார்த்த பால்கனி துருத்திக்கொண்டிருந்தால் தலைவலி. சுவர் ஓர் அடி தடித்தால் பக்கத்து வீட்டு எல்லைக்குள் போகுமா, கிரேன் நிற்க இடம் உண்டா, கூரை விளிம்பில் உழவாரன் குருவி கூடு வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் 22 கேள்விகளாக்கி ஓர் எக்செல் தாள் செய்திருந்தேன். பதில்களைப் போட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தானே நிறம் மாறும். அந்தத் தாளின்மேல் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ரைன் கரையில், நொய்வீட் வட்டாரத்தில், 1950களில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு வரிசை. வரைபடம் வந்தது. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பச்சையாகிவிட்டது. நேரில் போய் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. தரைத்தளத்தில் ஒரு மூதாட்டி, என்னை எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். "வெளியே பலகை மாட்டப் போறீங்களா? இந்தச் சுவர்ல ஆணியே நிக்காதே! கல்யாணப் படம் மாட்டிப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரர் ஓய்ஞ்சுட்டார்" என்றார். நான் சிரித்தேன். அதைக் குறித்துக்கொள்ள என் தாளில் கட்டம் இல்லை.

ஆணி ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை அந்த மண்ணிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள லாக்கர் ஏரியின் இடத்தில் எரிமலை வெடித்தது. அது கக்கிய நுரைக்கல் அந்த வட்டாரமெங்கும் படிந்து கிடக்கிறது. போருக்குப் பின் செங்கல்லுக்குத் தட்டுப்பாடு. நுரைக்கல்லைத் தோண்டி, சிமென்ட் கலந்து, உள்ளீடற்ற கற்களாக வார்த்தார்கள். எடை குறைவு, வேலை வேகம். மேலிருந்து அமுக்கும் பாரத்தை அந்தச் சுவர் தாங்கும். அதில் திருகிய நங்கூர ஆணியை வெளியே இழுத்தால் விட்டுவிடும். பலகம் கனமானது, போதாததற்குக் காற்று அதைச் சுவரிலிருந்து பிய்க்கப் பார்க்கும். நாலு இடத்தில் துளையிட்டு, நங்கூரத்தை இறக்கி, இழுவைமானி வைத்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரைநாள் வேலை. அது அடுத்த கட்டத்தில் வேறு யாரோ செய்வது என்று விட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "பொருந்தும்" என்று அனுப்பிவிட்டு ரயிலேறினேன்.

அடுத்த கட்டம் வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் லேசர் அளவெடுப்பு முடிந்து, தொழிற்சாலையில் இடமும் பதிவாகியிருந்தது. பலகம் செய்பவர்களின் பொறியாளர் இழுத்துப் பார்த்தார். குழந்தையின் வாயிலிருந்து ஆடும் பல் வருவதுபோல நங்கூரங்கள் வந்தன. பலகங்களைச் சுவரில் தொங்கவிட முடியாது; தரையில் புதிய அடித்தளம் போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும், நங்கூரங்களையும் மாற்ற வேண்டும். வடிவமைப்பு முதலிலிருந்து தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தையும் குடியிருப்பவர்கள் பழைய சுவரோடுதான் கழித்தார்கள், அந்த மூதாட்டி உட்பட.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தபோது, "பழைய வரைபடம், சுவர் என்ன கல் என்று அதில் இல்லை" என்றேன். யாரும் மறுக்கவில்லை. மேலாளர் என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். அன்றிரவு வரைபடத்தைத் திறந்தேன். குறுக்குவெட்டில், 24 சென்டிமீட்டர் என்ற அளவுக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக "எச்பிஎல்" என்று இருந்தது. லேசான கான்கிரீட்டில் வார்த்த உள்ளீடற்ற கல் என்பதற்கான சுருக்கம். இந்த நாட்டில் கட்டடவேலை பழகும் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதைவிட, முதல் தடவை பார்த்தபோதே அந்த மூன்றெழுத்து கண்ணில் பட்டிருந்தது. படித்தால் மஞ்சள் கட்டம் வரும் என்பதால் தாண்டிப் போயிருந்தேன்.

கோப்பில் தாமதத்துக்குக் காரணம் "வரைபடத் தகவல் போதாமை" என்று இன்னும் இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான்தான்.